நாலா முகத்துச் சேறு

செம்பூர்,
14 நவம்பர் 1966

ருக்குவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நீ மிகவும் சௌக்கியமாக இருக்கிறாய் என்பது இன்று காலை எங்கள் மானேஜர் நம்பிராஜன் என் மேஜைமேல் போட்ட இங்கிலீஷ் பேப்பரிலிருந்து தெரிந்தது. ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் உன் பெயர். அதற்குக் கீழே விலங்கியல் விரிவுரையாளர், மாதுங்கா. "சீஃப் கெமிஸ்ட் சார், இது உங்க தங்கைதானே?" என்று ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

போன மாதம் தாராவிக் கரையில் மீன் செத்து மிதந்தது. ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயிருக்கும் தோல் பதனிடும் ஷாப்புகளைக் கை காட்டியது. விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தோல் ஷாப்புகளை ஊரை விட்டு வெளியே தள்ளுவார்கள், விஷயம் முடியும். இதுவரை எல்லாம் புத்தியுள்ளவர்கள் செய்த காரியம். நடுவில் நீ கிளம்பி, குற்றம் தோல் ஷாப்புகளுடையது அல்ல, அவற்றுக்கு மேலே செம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து காடி என்கிற உப்பங்கழியில் விழும் நாலாக் கால்வாயில் விஷம் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த நாலாவின் தலைப்பில் இருப்பது ஒரே ஒரு சாயத் தொழிற்சாலை. அதன் சோதனைக்கூடத்துக்குத் தலைவன் யார் என்பது உனக்குத் தெரியாதா?

உன் ஆதாரம் என்ன? புழு! நான் வாரம் தவறாமல் நாலாத் தண்ணீரைச் சோதிக்கிறேன். அமிலம் இல்லை, உலோகம் இல்லை. என் பியூரெட்டை நம்பாதே, சேற்றில் நெளியும் புழுவை நம்பு என்று உலகத்துக்கு உபதேசம் செய்கிறாய். சரஸ்வதி பூஜையன்று உன் வீட்டில் இலையை விட்டு எழுந்து வந்ததற்காகக் கொஞ்சம் வருத்தப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிட்டேன்.

சந்திரமௌலி

மாதுங்கா,
19 நவம்பர் 1966

அண்ணா,

நீ இலையை விட்டு எழுந்ததைவிட, எழுந்தபோது சொன்னதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சாக்கடையைச் சலிக்கறவ கையால பரிமாறினா எப்படிடீ சாப்பிடறது?" என்றாய். மன்னி தலையைக் குனிந்துகொண்டாள். உனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

சாக்கடையைத்தான் சலிக்கிறேன். ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பேப்பர்க்காரர்கள் கேட்டார்கள், சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், மெதுவாகப் படி.

நீ செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்கிறாய். அந்தத் தண்ணீருக்குச் செவ்வாய்க்கிழமைக் காலையைப் பற்றி மட்டும்தான் தெரியும். மத்தியானத்துக்குள் அது மாஹிம் தாண்டிக் கடலில் கலந்திருக்கும். சேற்றில் வாழும் பிராணி எங்கேயும் போகாது. நீ இருக்கும்போது வந்த தண்ணீர், இல்லாதபோது வந்த தண்ணீர், எல்லாம் அதன் தலைமேல்தான் போகும். தாங்கினால் இருக்கும், தாங்காவிட்டால் இருக்காது. அதனால்தான் அடிச் சேற்றை வாரி, சல்லடையில் கழுவி, மிஞ்சுவது எது என்று பார்க்கிறேன்.

மாஹிம் பக்கம் சுத்தமான இடத்தில் மட்டி, நத்தை, நண்டுக்குஞ்சு, பலவகைப் புழு என்று ஏகப்பட்ட குடித்தனம். தோல் ஷாப் வாய்க்கால் முகத்தில் சேறு கறுப்பு, நாற்றம் குடலைப் பிடுங்கும். மட்டியும் நத்தையும் அங்கே கிடையாது. ஆனால் சிவப்பு நூல் மாதிரி ஒரே ஜாதிப் புழு கொத்துக் கொத்தாக இருக்கிறது. அழுகலைத் தின்று பிழைக்கும் ஜாதி அது. உங்கள் நாலா முகத்தில் அதுகூட இல்லை. வெறும் சேறு. அழுக்கு சில பிராணிகளுக்குச் சாப்பாடு, அண்ணா. விஷம் யாருக்கும் சாப்பாடு இல்லை.

தாராவியில் என்னைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துவிடாதே. தோல் ஷாப்பில் மயிர் சுரண்டும் பேராச்சி என்பவள் நேற்று என் ஜாடியை எட்டிப்பார்த்துவிட்டு, "ஷாப்ப மூடுனா நாங்க எங்கன போவோம்னு ஒரு நாளு கேட்டியளா? புழு பொழைக்கான்னு மட்டும் பாக்கிய" என்றாள். ஜாடியை மூடிக்கொண்டு படகுக்குத் திரும்பினேன்.

ருக்கு

செம்பூர்,
24 நவம்பர் 1966

ருக்குவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது என் தவறு.

கல்லூரியில் முதல் வருஷம் படிப்பவன் கேட்கும் கேள்வியை நீ உன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. உன் பிராணிகள் உப்புத் தண்ணீரில் வாழ்பவை. எங்கள் நாலாவில் வருவது நல்ல தண்ணீர். உப்புப் பிராணியை நல்ல தண்ணீரில் வைத்தால் செத்துப்போகும். நாலா முகத்தில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான். விஷமும் வேண்டாம், வில்லனும் வேண்டாம்.

அப்புறம், எந்த இடத்தில் சேறு வாரலாம் என்று தீர்மானித்தது யார்? நீ. தன் பரீட்சைக்குத் தானே கேள்வித்தாள் எழுதிக்கொள்பவள் முதல் வகுப்பில் தேறுவதில் என்ன அதிசயம்? நீ போகிற படகு தோல் ஷாப் முதலாளி அப்துல் வாஹிதுடையது என்றும் கேள்விப்பட்டேன். எதிர்க்கட்சிக்காரன் படகில் ஏறிப் போய் உண்மையைத் தேடுகிறாய்.

நம்பிராஜன் உனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். புழு டீச்சர். கான்டீனில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சந்திரமௌலி

மாதுங்கா,
5 டிசம்பர் 1966

அண்ணா,

உப்புத் தண்ணீர் ஆட்சேபணை நியாயமானது. உன் மூளையை நீ இன்னும் கம்பெனிக்கு முழுசாக எழுதிக் கொடுத்துவிடவில்லை என்று தெரிந்து சந்தோஷம்.

சயான் பக்கத்திலிருந்து இன்னொரு நாலா அதே காடியில் விழுகிறது. அதே அகலம், அதே நல்ல தண்ணீர். அதன் மேலே தொழிற்சாலை கிடையாது, வீடுகள்தான். நல்ல தண்ணீர்தான் கொல்கிறது என்றால் அங்கேயும் வெறும் சேறுதான் இருக்க வேண்டும். அங்கே நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் வைத்திருக்கிறேன், உனக்காக.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வற்றும். வா. இரண்டு நாலாவிலும் எங்கே வார வேண்டும் என்று நீ காட்டு, நீயே வாரு, நீயே சலி. நான் படகில் உட்கார்ந்திருக்கிறேன். வாஹித் பாயின் படகு பிடிக்கவில்லையென்றால் உன் கம்பெனிக் கப்பலில் வரலாம்.

வராவிட்டால் கான்டீனில் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரி.

ருக்கு

செம்பூர்,
12 டிசம்பர் 1966

ருக்குவுக்கு,

நேற்று வந்தேன் என்பதால் உன்னை மதிக்கிறேன் என்று அர்த்தமில்லை. நீ முழு நேரமும் வாயைத் திறக்காமல் படகில் உட்கார்ந்திருந்தாய். அதைவிடக் கர்வமான காரியம் உலகத்தில் கிடையாது.

அந்தப் படகோட்டி சொரிமுத்து, தோல் ஷாப் ஆள், நான் இறங்கும்போது, "சார், ஷூவோட எறங்காதிய. சேறு வாங்கிக்கிடும், திருப்பித் தராது" என்றான். எனக்கா புத்தி சொல்கிறாய் என்று இறங்கினேன். ஷூ அங்கேயே இருக்கிறது. கரையில் அப்துல் வாஹித் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "உக்காருங்க சார், ஷாப் நாத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கங்க" என்றார். குற்றவாளி இத்தனை மரியாதையாக இருப்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பார்த்ததை எழுதிவிடுகிறேன். உன்னைப்போல நானும் ஒன்றை மறைக்கத் தெரியாதவன், அது அப்பா கொடுத்த சாபம். சயான் நாலா முகத்தில் முதல் சல்லடையிலேயே உன் சிவப்புப் புழுக்கள் கை கொள்ளாமல் வந்தன. எங்கள் நாலா முகத்தில் நானே இடம் மாற்றி மாற்றி வாரினேன். கரையோரம், நடுவில், கீழே தள்ளி. கிளிஞ்சல் ஓடு வந்தது, தேங்காய் நார் வந்தது. உயிருள்ளது ஒன்றும் வரவில்லை. சேற்றில் ஒரு ஊதா நிறம் இருந்தது. அதை நீ உன் பேப்பர் கடிதத்தில் எழுதவில்லை. கவனித்தாயா, கவனிக்கவில்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை வைத்து நான் எதையும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. உன் மன்னி இரண்டு தடவை வெந்நீர் போட்டுக் கொடுத்தும் என் கை இன்னும் நாறுகிறது.

சந்திரமௌலி

மாதுங்கா,
20 ஜனவரி 1967

சந்திரமௌலி அவர்களுக்கு,

அண்ணா என்று எழுத ஆரம்பித்தேன், பேனா ஓடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. உங்கள் கம்பெனி கொடுக்கப் போகிற வாக்குமூலத்தின் நகலைக் கமிட்டி எனக்கு அனுப்பியிருக்கிறது. நாலா முகத்தில் பிராணிகள் இல்லாததற்கு நல்ல தண்ணீரே காரணம் என்று எழுதியிருக்கிறது. காடியின் எந்த நாலா முகத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று அடுத்த வரி. கீழே உன் பெயர், உன் பட்டம், கையெழுத்துக்கு இடம். அசலில் விசாரணையன்று கையெழுத்தாகும் என்று ஒரு குறிப்பு.

எந்த நாலா முகத்திலும்! சயான் நாலாவில் முழங்கை வரை சேற்றோடு நின்றது உன் தம்பியா? உனக்குத் தம்பி கிடையாதே.

இந்த ஒரு வரியால் நாற்பது தோல் ஷாப்புகளை மூடுவார்கள். பேராச்சி கேட்ட கேள்விக்கு உன் கம்பெனி பதில் எழுதிவிட்டது, நீ அதில் பெயர் போடப் போகிறாய். ஷாப் ஆட்கள் இப்போதே சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சொரிமுத்து பிள்ளைகளை ஊருக்கு ரயிலேற்றிவிட்டான்.

முதுகெலும்பில்லாத பிராணிகளோடு பதினோரு வருஷம் இருந்துவிட்டேன். அவற்றில் ஒன்றுகூட என்னிடம் பொய் சொன்னதில்லை. இதற்கு மேல் உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ருக்மிணி

செம்பூர்,
24 ஜனவரி 1967

ருக்குவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஏற்கெனவே அந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இந்தச் சின்ன விஷயத்தை விசாரிக்காமல் எழுதும் நீ எப்படி ஆராய்ச்சி செய்கிறாயோ தெரியவில்லை.

நம்பிராஜன் அறைக்குப் போனேன். "கையெழுத்துதானே சார், போட்டுடுங்க. செத்தது புழு. புழுவுக்கென்ன யூனியனா இருக்கு?" என்றார்.

"இதை எழுதினது யார்?"

"நம்ம வக்கீல்தான். ஏன்?"

"எந்த நாலா முகத்திலும் உயிர் இருக்காதுன்னு எழுதியிருக்கார். சயான் நாலாவில் இருக்கு. நானே சலிச்சுப் பார்த்தேன்."

"சார், ஃபால்தூ பேச்சு, வெட்டிப் பேச்சு வேண்டாம். நீங்க அங்க போனதே யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நேராகச் சாயக் கழிவு அமிலம் சேரும் மூன்றாம் ஷெட்டுக்குப் போய் போர்மன் பெரியநாயகத்தைக் கேட்டேன். அமிலத் தொட்டியை எப்போது காலி செய்கிறீர்கள்? அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சனிக்கிழமை சாயந்தரம் தண்ணி வத்தறப்ப தொறந்து விடுவோம் சார். ரொம்ப வருஷமா அப்படித்தான். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றான். எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுங்கள் என்று கிழமை குறித்துக் கொடுத்தவர் நம்பிராஜன். இத்தனை வருஷமாக என் கையால் கழுவிய பாட்டிலில், என் கையெழுத்தோடு, இரண்டு நாள் ஓடி எல்லாம் கழுவிப்போன பிறகு வந்த தண்ணீரையே சோதித்துக் கொடுத்திருக்கிறேன். என்னை அயோக்கியன் என்று யாராவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். முட்டாளாக்கிவிட்டார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. தாராவிக்காகவும் இல்லை, அந்த நாற்றம் என் கைக்கே தெரியும். இவ்வளவு மட்டமான ஒரு பொய்க்குக் கீழே என் பட்டத்தை எழுத முடியாது. வெள்ளிக்கிழமை வருகிறேன். நான் எழுதியதை நானே படிப்பேன். நீ தயவு செய்து அந்த ஜாடியை மேஜைமேல் வைத்து மானத்தை வாங்காதே.

சந்திரமௌலி

மாதுங்கா,
2 பிப்ரவரி 1967

அண்ணா,

நீ படித்து முடித்ததும் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஜாடியை மேஜைமேல் வைத்தேன். கமிட்டியில் இருந்த ஒரு என்ஜினீயர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "மேடம், இதைப் பார்த்தா நாங்க ஒரு தொழிற்சாலையை நிறுத்தணும்?" என்றார். இதற்காகத்தான் நீ படித்த காகிதம் தேவைப்பட்டது. புழு சொன்னால் சிரிப்பார்கள், சீஃப் கெமிஸ்ட் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். எனக்கு அதில் சந்தோஷமில்லை. பதினோரு வருஷம் இதையே படித்தவள் பேச்சு ஜாடியில் கிடக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறங்கியவன் பேச்சு சபையில் ஏறுகிறது. இந்த ஊர் விஞ்ஞானத்தை மதிக்கும் லட்சணம் இது.

சனிக்கிழமைத் தொட்டியைப் பற்றி நீ சொன்னதைக் கமிட்டி எடுத்துக் கேட்டபோது நம்பிராஜன் எழுந்து, "அவர் சொந்தப் பகையில பேசறார்" என்றார். தலைவர், "உட்காருங்கள். தொட்டியைச் சனிக்கிழமை திறப்பீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்டார். அவர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

தோல் ஷாப்புகளை மூட வேண்டாம், வாய்க்காலைச் சீர் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கம்பெனி அமிலத்தை முறித்து வெளியே விட ஒரு தொட்டி கட்ட வேண்டும். அது முடியும் வரை மூன்றாம் ஷெட் நிற்க வேண்டும். வெளியிலிருந்து ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து தண்ணீர் எடுப்பார்கள். அபராதம் இல்லை, யாருக்கும் தண்டனை இல்லை. செத்த மீனுக்கும், பிழைப்புப் போன மீன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் பேராச்சி நின்றிருந்தாள். ஷாப் மூடவில்லை என்றேன். "அப்ப நாளைக்கு வேலைக்குப் போவணுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காயிதத்தப் படிச்ச அந்த சார் யாரு? ரொம்பக் கோவக்காரரா இருக்காரே" என்றாள். எங்கள் அண்ணா என்று சொன்னேன்.

மன்னி நேற்று வந்தாள். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாமே. நீ எனக்கு எழுதவில்லை. எழுதமாட்டாய். இங்கே முன்னறை காலியாக இருக்கிறது. வந்து இருங்கள். பரிமாறுவது மன்னியாக இருக்கட்டும், உனக்குச் சாதம் இறங்கும்.

ருக்கு

தாணே,
19 நவம்பர் 1967

ருக்குவுக்கு,

உன் முன்னறைக்கு வராததற்குக் காரணம் கோபமில்லை. அங்கே வந்தால் தினமும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே இருப்போம், உன் மன்னி பைத்தியமாகிவிடுவாள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறேன். பிள்ளைகள் மக்குகள். கம்பெனியில் இருந்தவர்களைவிட எவ்வளவோ தேவலை, சொன்னால் சிலதுக்குப் புரிகிறது. சயான் பக்கம் ரயிலில் போகும்போது ஒரு நாள் நம்பிராஜனைப் பார்த்தேன். இன்னும் மானேஜர்தான். தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் திருப்பாவிட்டால் நான் திருப்பியிருப்பேன்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. அந்தத் தொட்டியை ஏப்ரலில் கட்டி முடித்துவிட்டார்கள் என்று பெரியநாயகம் சொன்னான். கட்டினார்களா, கட்டியதாகச் சொல்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் காகிதத்தை நம்பக் கூடாது. தண்ணீரைச் சோதிக்கலாம் என்றால், தண்ணீரை வைத்து அவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே இன்று காலை யாரிடமும் சொல்லாமல் நாலா முகத்துக்குப் போனேன். உன் மன்னியின் மாவுச் சல்லடையை எடுத்துப் போயிருந்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது, நீயும் சொல்லாதே.

கரையோரம் வாரினேன், ஒன்றும் இல்லை. நடுவில் வாரினேன், ஒன்றும் இல்லை. மடையன் கட்டிய தொட்டி எந்த லட்சணத்தில் இருக்கும் என்று திட்டிக்கொண்டே, கீழே தள்ளி இன்னொரு தரம் வாரிக் கழுவினேன். சல்லடையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல். உன் மன்னி புடவை நூல்தான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து எடுக்கப் போனேன். அது சுருண்டது.

ஒன்றே ஒன்றுதான். அதை வைத்துத் தொட்டி ஒழுங்காக இருக்கிறது என்று நீ பேப்பரில் எழுதினால், ஒரு புழுவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று நானே மறுப்பு எழுதுவேன். நீ வந்து முறையாகப் பார்க்க வேண்டும். பார்க்கக் கூசுகிற, முகமோ காலோ இல்லாத, பிரயோஜனமற்ற ஒரு பிராணி. அதற்குப் பெயர் என்னவென்று நீ பலமுறை சொல்லியும் நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை.

வெயில் ஏறியது. தண்ணீரும் ஏற ஆரம்பித்தது. உள்ளங்கையில் அது காய்ந்துவிடும்போல் இருந்தது. சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குனிந்து, எடுத்த இடத்திலேயே அதை விட்டேன். சேற்றுக்குள் அது முழுசாக இறங்கும் வரை நின்றிருந்தேன்.

சந்திரமௌலி